பிரிண்ட்எஃப் போட்டாச்சு, ஃபைலில் ஒன்றுமில்லை

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அறைச் சூட்டை 30 விநாடிக்கு ஒருமுறை பதிய, சின்ன லினக்ஸ் போர்டு ஒன்றில் சி மொழியில் ப்ரோகிராம் எழுதியிருக்கிறீர்கள். டெர்மினலில் ஓட்டினால் வரி வரியாக அழகாக வருகிறது. அதையே ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஃபைல் காலியாகவே கிடக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு பார்த்தால் கடைசிப் பகுதி காணோம். நண்பர் ஒருவர், அச்சிடும் கட்டளையான பிரிண்ட்எஃப் ஒவ்வொன்றுக்கு அடியிலும், தேங்கியதை வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் ஒன்று போடு, கூடவே கீபோர்டு உள்ளீடு வரும் எஸ்டிடிஇன்னுக்கும் ஒரு எஃப்ஃப்ளஷ் போட்டுவிடு என்றாராம். சரியா என்று கேட்கிறீர்கள்.

அவர் சொன்னதில் முதல் பாதி பாதி சரி. இரண்டாம் பாதி தப்பு. அதோடு, இரண்டுமே உங்கள் கரண்ட் பிரச்சினையை முழுசாகத் தீர்க்காது.

கம்பத்திலிருந்து காலையில் மலையேறுகிற தோட்ட ஜீப்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆள் ஏறியதும் வண்டியை எடுக்கமாட்டார்கள். நிறையட்டும் என்று நிற்கும். சி நூலகமும் அப்படித்தான். பிரிண்ட்எஃப் என்பது எழுத்தை ஃபைலுக்கு அனுப்பும் கட்டளை இல்லை. ஜீப்பில் ஏற்றிவிடும் கட்டளை. அந்த ஜீப்புக்குப் பெயர் பஃபர். உங்கள் ப்ரோகிராமின் நினைவகத்துக்குள்ளேயே, ஸ்ட்ரீமோடு, அதாவது எழுத்து போய்வரும் வழியோடு, ஒட்டிக் கிடக்கிற ஒரு துண்டு இடம். அது நிறைந்தால்தான் ரைட் என்ற சிஸ்டம் கால் (கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) போகும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு எழுத்துக்கும் கர்னலைத் தட்டி எழுப்பினால் வேலை நடக்காது என்பதால் வந்த ஏற்பாடு இது.

வண்டி எப்போது கிளம்பும் என்பதில் மூன்று முறைகள் இருக்கின்றன. நிறைந்தால்தான் கிளம்புவது ஒன்று. புதுவரிக் குறி வந்ததும் கிளம்புவது இன்னொன்று. நிறுத்தாமல் உடனுக்குடன் போவது மூன்றாவது. எந்த ஸ்ட்ரீமுக்கு எந்த முறை என்பதைத் தொடக்கத்தில் நூலகமே முடிவு செய்துகொள்கிறது. பிரிண்ட்எஃப் எழுதும் ஸ்ட்ரீமான எஸ்டிடிஅவுட்டின் மறுமுனையில் டெர்மினல் இருந்தால் வரி முறை. ஃபைலோ, இன்னொரு ப்ரோகிராமுக்குப் போகும் பைப்போ இருந்தால் நிறையும் முறை. பிழைச் செய்திகளுக்கான ஸ்ட்ரீமான எஸ்டிடிஎர் நிறையும் வரை காத்திருக்காது. லினக்ஸில் அதற்குப் பஃபரே கிடையாது. மறுமுனை ஊடாடும் கருவி இல்லை என்று தெரிந்தால் மட்டும்தான் எஸ்டிடிஅவுட்டை முழுப் பஃபரில் வைக்கலாம் என்று சி தரவரையறையே சொல்கிறது. ஆக உங்கள் ப்ரோகிராம் டெர்மினலில் ஒரு மாதிரியும் ஃபைலில் வேறு மாதிரியும் நடந்துகொள்வது பழுது இல்லை. அதன் பிறவிக் குணம்.

அந்த ஒரு மணி நேரக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வருடத்தில் தொடங்கும் தேதி, நேரம், மூன்று அளவுகள், இடையில் காற்புள்ளிகள், கடைசியில் புதுவரி என்று நீங்கள் காட்டிய வரி 35 பைட். லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் சாதாரண ஃபைலுக்குப் பெரும்பாலும் 4096 பைட் பஃபர் எடுக்கும். 117 வரிகள் சேர்ந்தால் 4095. இன்னும் ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம். 118-வது வரியின் முதல் எழுத்தான 2, அதாவது வருடத்தின் முதல் இலக்கம், ஏறியதும் ஜீப் நிறைந்துவிடும், கிளம்பிவிடும். 30 விநாடிக்கு ஒரு வரி என்றால் அது சுமார் 58 நிமிடம் கழித்து. அந்த நேரத்தில் ஃபைலைத் திறந்தால் கடைசியில் ஒரு தனி 2 அம்போ என்று நிற்கும். மீதி 34 பைட் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். போய்ப் பாருங்கள். ஃபைலின் அளவு 4096, 8192, 12288 என்றே தாவித் தாவிப் போனால், கடைசி வரி நடுவில் அறுந்து கிடந்தால், வேறு ஆராய்ச்சியே வேண்டாம், பஃபர்தான். நம்பிக்கை வரவில்லை என்றால் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கட்டளையோடு சேர்த்து ஓட்டுங்கள். 118 பிரிண்ட்எஃப்புக்கு ஒரே ஒரு ரைட் வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நானும் இதில் அடிபட்டவன்தான். குமுளிக்கு மேலே ஒரு ஸ்டோரில் இதே மாதிரி ஒன்றை வைத்துக் கொடுத்தேன். ஆடி மாதம், மழை. ராத்திரி கரண்ட் போய்விட்டது. காலையில் முதலாளி கூப்பிட்டார். "காய் பூரா வெளிறிப் போச்சுப்பா. ஒரு மணிக்கு மேல சூடு எவ்வளவு ஏறுச்சுன்னு உன் மிஷின் சொல்லலையே?" ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் விலை, சூடு கூடினால் நிறம் போகும், தோடும் வெடிக்கும். எனக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு மணி நேரம் மட்டும் பதிவில் இல்லை. சென்சரைச் சந்தேகப்பட்டேன், வயரை மாற்றினேன், மெமரி கார்டை மாற்றினேன். ப்ரோகிராமை மட்டும் சந்தேகப்படவில்லை. வீட்டு லேப்டாப்பில் டெர்மினலில் ஒழுங்காக ஓடியதே!

அதைவிட மோசமாக ஏமாந்தது இன்னொரு தடவை. தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு ப்ரோகிராம் விழும் செக்மென்டேஷன் ஃபால்ட் அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே என்று பார்க்க வழிநெடுக பிரிண்ட்எஃப் போட்டு, வெளியீட்டை ஃபைலில் பிடித்தேன். கடைசியாகத் தெரிந்த வரி சென்சர் படிக்கும் ஃபங்ஷனில் இருந்தது. இரண்டு ராத்திரி அந்த ஃபங்ஷனைப் பிரித்து மேய்ந்தேன். உண்மையில் ப்ரோகிராம் அதைத் தாண்டி வெகுதூரம் போய், வேறெங்கோ விழுந்திருந்தது. நடுவில் போட்ட வரிகள் எல்லாம் பஃபரிலேயே இருந்து ப்ரோகிராமோடு சேர்ந்து செத்துப்போயின. அன்றிலிருந்து பிழை தேடும் வரிகளை எஸ்டிடிஎர்ரில்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ப்ரோகிராம் எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்து பஃபரில் இருப்பது பிழைக்கும் அல்லது போகும். மெயினிலிருந்து ரிட்டர்ன் ஆனாலும், எக்ஸிட் கூப்பிட்டாலும் நூலகம் எல்லா ஸ்ட்ரீமையும் காலி செய்துவிட்டுத்தான் போகும். கன்ட்ரோல்-சி அடித்தால், கில் கொடுத்தால், செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால், முன்னால் அடிக்கோடு போட்ட அந்த இன்னொரு எக்ஸிட்டைக் கூப்பிட்டால் அதெல்லாம் கிடையாது. ப்ரோகிராமைச் சட்டென்று நிறுத்தும் அபார்ட்டையும் நம்ப வேண்டாம். புதிய ஜிலிப்சியில் அது பஃபரைத் தொடுவதே இல்லை.

சரி, எஃப்ஃப்ளஷ்ஷுக்கு வருவோம். "நிறையாவிட்டாலும் பரவாயில்லை, வண்டியை எடு" என்று சொல்வதுதான் அது. எந்த ஸ்ட்ரீம் என்று கொடுத்தால் அதில் இருப்பதைக் கர்னலிடம் ஒப்படைக்கும். ஸ்ட்ரீமுக்குப் பதில் நல் என்ற வெற்று மதிப்பைக் கொடுத்தால் திறந்திருக்கும் எல்லா வெளியீட்டு ஸ்ட்ரீமையும் காலி செய்யும். உங்கள் வேலைக்கு ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் ஒரு எஃப்ஃப்ளஷ் போடுவதில் தவறே இல்லை. 30 விநாடிக்கு ஒரு ரைட் என்பது அந்தப் போர்டுக்குக் கொசு கடித்த மாதிரி. ஒவ்வொரு பிரிண்ட்எஃப்புக்கும் போடாதீர்கள், அவ்வளவுதான். தேதிக்கு ஒரு பிரிண்ட்எஃப், சூட்டுக்கு ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று என்று எழுதி மூன்றுக்கும் எஃப்ஃப்ளஷ் போட்டால், நடுவில் படிக்கிறவன் அரை வரியைப் படிப்பான். பதிவு முழுமையான பிறகு ஒரே தடவை போடுங்கள்.

இதையே பழக்கமாக எல்லா ப்ரோகிராமிலும் தூவினால்தான் வில்லங்கம். பத்து லட்சம் வரிகள், வரிக்கு 40 பைட் என்று ஒரு அறிக்கை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். பஃபர் தன் போக்கில் வேலை செய்தால் சுமார் 9,770 ரைட் போகும். வரிக்கு வரி எஃப்ஃப்ளஷ் போட்டால் பத்து லட்சம் ரைட். சிபிளஸ்பிளஸ் எழுதுகிறவர்கள் வரி முடிய எண்ட்எல் போட்டுப் பழகி, ப்ரோகிராம் ஏன் நொண்டுகிறது என்று கேட்பதும் இந்தக் கதைதான். எண்ட்எல் என்பது புதுவரியும் ஃப்ளஷ்ஷும் சேர்ந்தது.

எனக்குப் பிடித்த வழி வேறு. மெயினின் முதல் வரியிலேயே செட்விபஃப் ஒன்றைப் போட்டு, எஸ்டிடிஅவுட்டை வரி முறைக்கு மாற்றிவிடுவேன். எந்த ஸ்ட்ரீம், எந்த இடம், எந்த முறை, எத்தனை பைட் என்று நான்கு விவரம் கேட்கும். இடத்துக்கு நல் கொடுத்தால் நூலகமே பார்த்துக்கொள்ளும். முறைக்கு, அடிக்கோட்டில் தொடங்கும் ஐஓஎல்பிஎஃப். அதற்கப்புறம் டெர்மினலோ ஃபைலோ, புதுவரி வந்தால் வண்டி கிளம்பும், புதுவரியோடு முடியும் பதிவுக்கு எஃப்ஃப்ளஷ் தேட வேண்டியதில்லை. இரண்டு இடத்தில் கால் வழுக்கும். அந்த ஸ்ட்ரீமில் ஒரு எழுத்துக்கூட எழுதும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். அடுத்தது, இடத்தை நீங்களே கொடுப்பதாக இருந்தால் மெயினுக்குள் சாதாரண அரேயாக அறிவித்துவிடாதீர்கள். மெயின் முடிந்ததும் அந்த அரே போய்விடும், அதன் பிறகுதான் நூலகம் கடைசி முறையாகப் பஃபரைக் காலி செய்ய வரும். ஸ்டாட்டிக் என்று போட்டுவிட்டால் தொல்லையில்லை. இன்னொன்று, விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் நூலகம் இந்த வரி முறையை முழுப் பஃபராகவே நடத்துகிறது. அங்கே எஃப்ஃப்ளஷ்தான் கதி.

விண்டோஸைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சில எடிட்டர்களுக்குள் ஓட்டும்போது "எடை எவ்வளவு?" என்ற கேள்வி திரையில் வராமல் கர்சர் மட்டும் காத்திருக்கும். எண்ணை அடித்த பிறகு கேள்வியும் பதிலும் ஒன்றாகக் கொட்டும். எடிட்டர் உங்கள் ப்ரோகிராமைப் பைப் வழியாகப் பிடித்திருப்பதுதான் காரணம். லினக்ஸ் டெர்மினலில், உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப் படிக்கப் போகும்போது நூலகம் பெரும்பாலும் கேள்வியைத் தள்ளிவிடுவதால் இது தெரிவதில்லை. அதை நம்பி இருக்காமல், புதுவரி இல்லாத கேள்விக்குப் பின்னால் ஒரு எஃப்ஃப்ளஷ் போட்டுவிடுவது நல்லது.

இப்போது அந்த எஸ்டிடிஇன் விவகாரம். எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கு உண்டானது. உள்ளீட்டு ஸ்ட்ரீமுக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று சி தரவரையறை எதையும் சொல்லவில்லை. என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். பிறகு ஏன் இத்தனை பேர் எழுதுகிறார்கள்? ஸ்கேன்எஃப்பில் எண்ணைப் படித்தால் என்டர் தட்டிய குறி உள்ளேயே தங்கிவிடும், அடுத்து ஓர் எழுத்தைப் படிக்கப் போனால் அந்தக் குறிதான் கையில் வரும். பழைய மைக்ரோசாஃப்ட் நூலகம் இந்த இடத்தில் உள்ளீட்டைத் துடைத்துக் கொடுத்தது. அதைப் பார்த்து எழுதிய லேப் நோட்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். விஷுவல் ஸ்டூடியோ 2015-லிருந்து மைக்ரோசாஃப்டே அதை நிறுத்திவிட்டது. லினக்ஸில் கீபோர்டு உள்ளீட்டுக்கு இதைப் போட்டுப் பயனில்லை. என்டரை ஒழிக்க வேண்டும் என்றால், புதுவரியோ, உள்ளீடு முடிந்ததைச் சொல்லும் இஓஎஃப்போ வரும் வரை, ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் கெட்சார் போட்டுப் படித்துத் தள்ளுங்கள். படித்ததை இன்ட் மாறியில் வாங்குங்கள், சாரில் வாங்கினால் இஓஎஃப்பை ஒழுங்காகக் கண்டுபிடிக்க முடியாது. அதைவிட நல்லது, எஃப்கெட்ஸ் போட்டு முழு வரியை எடுத்து அதிலிருந்து எஸ்ஸ்கேன்எஃப்பில் எண்ணைப் பிரிப்பது.

கரண்ட் போனதற்கு வருகிறேன். உங்களுக்கு உண்மையில் வலிக்கிற இடம் அதுதான். ஜீப் கிளம்பிவிட்டது என்பதால் ஆட்கள் தோட்டத்தில் இறங்கிவிட்டார்கள் என்று ஆகாது. நடுவில் குமுளி செக்போஸ்ட் இருக்கிறது. எஃப்ஃப்ளஷ் உங்கள் எழுத்தைக் கர்னல் வரைதான் கொண்டுபோகும். கர்னல் அதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தனக்குத் தோதான நேரத்தில் கார்டில் எழுதும். வழக்கமான லினக்ஸ் அமைப்பில் 30 விநாடி வரைகூட வைத்திருக்கலாம். இந்த நிலையில் உங்கள் ப்ரோகிராம் செத்தால் கவலையில்லை, எழுத்து கர்னலிடம் பத்திரமாக இருக்கிறது. போர்டுக்கே கரண்ட் போனால் கர்னலின் நினைவகமும் போய்விடும்.

அதற்கு எஃப்சிங்க் இருக்கிறது. இது சி மொழியுடையது இல்லை, யூனிக்ஸ் பக்கத்து போசிக்ஸ் தரத்தைச் சேர்ந்தது. ஸ்ட்ரீமைக் கொடுத்தால் வாங்காது, ஃபைல்நோ போட்டு அதன் எண்ணை எடுத்துக் கொடுக்க வேண்டும். கார்டில் எழுதி முடிந்தது என்று பதில் வந்த பிறகுதான் திரும்பும், அதனால் மெதுவாக இருக்கும். வரிசையை மாற்றிவிடாதீர்கள்: முதலில் எஃப்ஃப்ளஷ், அப்புறம் எஃப்சிங்க். எஃப்சிங்க்குக்கு உங்கள் பஃபர் ஒன்று இருப்பதே தெரியாது. கர்னலிடம் வந்து சேர்ந்ததை மட்டும்தான் அது இறக்கும். எஃப்ஃப்ளஷ் இல்லாமல் எஃப்சிங்க் மட்டும் போட்டுவிட்டு, "கார்டு மோசம்" என்று கார்டைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். (அந்தப் பட்டியலில் நானும் உண்டு.)

எத்தனை தடவை போடுவது? மெமரி கார்டை ஓயாமல் எழுதச் சொன்னால் அதன் ஆயுள் குறையும். நான் பத்துப் பதிவுக்கு ஒரு எஃப்சிங்க் வைத்திருக்கிறேன், அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. ஐந்து நிமிடப் பதிவு போனால் ஏலக்காய்க்கு ஒன்றும் ஆகாது, முதலாளியும் திட்டமாட்டார். சூடு வரம்பைத் தாண்டிய பதிவு என்றால் மட்டும் எண்ணிக்கை பார்க்காமல் உடனே எஃப்சிங்க். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மிஷினையே வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு, திரும்பி வரும் மதிப்பைப் பார்க்காமல் விட்டால் வீண். நிறையும் முறையில் இருந்தால், கார்டு நிறைந்துவிட்டாலும் பிரிண்ட்எஃப் பெரும்பாலும் அதைச் சொல்லாது. அது பஃபரில் ஏற்றிவிட்டு நல்லபிள்ளையாகத் திரும்பிவிடும். எழுத முடியவில்லை என்ற செய்தி பெரும்பாலும் எஃப்ஃப்ளஷ்ஷிலோ, ஃபைலை மூடும் எஃப்க்ளோஸிலோதான் வரும், இஓஎஃப் என்று. சோதிக்க லினக்ஸில் டெவ் அடைவுக்குள் ஃபுல் என்று ஒரு போலிக் கருவி இருக்கிறது. அதற்குள் வெளியீட்டைத் திருப்பிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிரிண்ட்எஃப் எல்லாம் சரி என்று சொல்லும், எஃப்ஃப்ளஷ் இடமில்லை என்று கையை விரிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சீக்கிரம் முட்டிக்கொள்வீர்கள். எச்சரிக்கை மணி அடிக்கத் தனி ப்ராசஸ் (தனியாக ஓடும் ப்ரோகிராம்) வேண்டும் என்று, ஓடுகிற ப்ரோகிராமை இரண்டாக்கும் ஃபோர்க்கை நாளைக்குப் போடுவீர்கள். தொடக்கத்தில் அச்சிட்ட தலைப்பு வரி டெர்மினலில் ஒருமுறையும் ஃபைலில் இரண்டு முறையும் வரும். பேய் பிசாசு ஒன்றுமில்லை. ஃபோர்க் நினைவகத்தை அப்படியே நகலெடுக்கிறது, காலியாகாத பஃபரும் அதோடு நகலாகிறது, முடியும்போது இருவரும் தத்தம் பஃபரைக் கொட்டுகிறார்கள். ஃபோர்க்குக்கு முந்தைய வரியில் எஃப்ஃப்ளஷ்ஷுக்கு நல் கொடுத்துக் கூப்பிட்டுவிட்டால் தீர்ந்தது.

அப்புறம், உங்கள் கையில் சோர்ஸ் இல்லாத ப்ரோகிராம் இப்படிச் செய்தால், அதை எஸ்டிடிபஃப் என்ற கட்டளைக்குள் வைத்து ஓட்டிப் பாருங்கள். வெளியீட்டை வரி முறைக்கு மாற்றும் விருப்பம் அதில் இருக்கிறது. நூலகத்தைத் தனக்குள்ளேயே சேர்த்து ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த ப்ரோகிராமிடமும், தானே செட்விபஃப் போட்டுக்கொண்ட ப்ரோகிராமிடமும் அது பலிக்காது. பதிவு ஃபைலின் கடைசி வரிகளை டெயில் கட்டளை போட்டு எடுத்து, வரி தேடும் கிரெப்பில் வடிகட்டி, இன்னொரு பைப்புக்குத் தள்ளினால் கிரெப்பும் இதே போலத் தேக்கி வைக்கும். கிரெப்புக்கு வரி வரியாக விடும் சொந்த விருப்பம் ஒன்று உண்டு. பைத்தானிலும் இதே கூத்துதான், அங்கே ஹைஃபன் யூ போட்டு ஓட்டுவார்கள்.

கடைசியாக கன்ட்ரோல்-சி. அதை அடித்தால் ப்ரோகிராமுக்கு ஒரு சிக்னல் வரும், அப்போது ஓடும் ஃபங்ஷன் சிக்னல் ஹேண்ட்லர்; அதற்குள்ளேயே எஃப்ஃப்ளஷ்ஷைக் கூப்பிட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பிரிண்ட்எஃப் பஃபரில் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது சிக்னல் வந்தால், ஹேண்ட்லருக்குள் இருந்து அதே பஃபரைத் தொடுவது ஆபத்து, ப்ரோகிராம் அப்படியே தொங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு. வாலட்டைல் போட்ட சிக்அட்டாமிக் வகை மாறி ஒன்றை வைத்து, ஹேண்ட்லரில் அதை 1 ஆக்குவதோடு நிறுத்துங்கள். பதிவு எடுக்கும் லூப் ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்க்கட்டும். 1 என்றால் லூப்பை விட்டு வெளியே வந்து எஃப்ஃப்ளஷ், எஃப்சிங்க், எஃப்க்ளோஸ் என்று வரிசையாக முடித்துவிட்டு மெயினிலிருந்து திரும்பட்டும். 30 விநாடித் தூக்கத்தின் நடுவே சிக்னல் வந்தால் ஸ்லீப் பாதியிலேயே விழித்துக்கொள்ளும், அதனால் கன்ட்ரோல்-சி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.